நாலாவது படமும் ஒரு புதன்கிழமையும்

பாலகுமார் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேனேஜர் சுந்தரராமன் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டார் என்பது தெரிந்தது. செல்போனில் ஒரே ஒரு வரி.

"நல்ல லிஸ்ட் பாலா. நாலாவது படம் புதன்கிழமையா பாத்தீங்க?"

வாயில் இருந்த நுரையில் பாதி உள்ளே போய்விட்டது.

விஷயம் இதுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை பார்க்கும் பாலகுமாருக்கு வருஷக் கடைசியில் ஒரு வியாதி வரும். அந்த வருஷம் தனக்குப் பிடித்த பத்துப் படம், பத்துப் பாட்டு, பத்துப் புத்தகம் என்று முகநூலில் எழுதியே ஆகவேண்டும். யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, அவன் எழுதுவான். ஆம்பூரில் இருக்கும் சித்தப்பாவிலிருந்து ஆபீஸ் அஷ்வத் வரை ஒருவர் விடாமல் பெயரை அதில் டேக் செய்தும் விடுவான்.

அதையாவது பெயர் மட்டும் எழுதிவிட்டுப் போகிறானா? மாட்டான். எங்கே பார்த்தேன், வெளியே மழையா வெயிலா, பக்கத்து சீட்டில் யார் இருமினார்கள் எல்லாம் வந்தாக வேண்டும். அப்படித்தான் நாலாவது படமான 'ஈரத் துண்டு' பற்றி இப்படி எழுதிவைத்திருந்தான்:

"ஆகஸ்ட் மாதத்து மழைப் புதன்கிழமை. அடுகோடிப் பக்கம் ஒரு பழைய தியேட்டர். மதியக் காட்சி. மழைக்கோட்டின் தொப்பியைக்கூடக் கழற்றத் தோன்றாமல் முன்வரிசையில் கரைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் இரண்டு ஆசாமிகள் மட்டும் பாப்கார்னை நறநறவென்று மென்றுகொண்டு, அழவேண்டிய இடத்திலெல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நாகரிகம் தெரியாத ஜென்மங்கள்!"

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை பாலகுமார் லீவு போட்டிருந்தான். காரணம் என்று மெயிலில் எழுதியது, "மாமனாருக்கு அவசரமாக ஆஞ்சியோ". புதன்கிழமைகளில் சுந்தரராமன் மதியத்துக்கு மேல் ஒயிட்ஃபீல்டில் கிளையண்டைப் பார்க்கப் போய்விடுவார், யாரும் குடைய மாட்டார்கள் என்ற தைரியத்தில் அடித்துவிட்ட பொய்.

வேறு நேரமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். ஜனவரியில் டீம் லீடாக ஒருவரைப் போடப் போகிறார்கள். மூன்று வருஷமாக அந்த நாற்காலி பாலகுமாரின் மூக்குக்கு முன்னால் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவனா அஷ்வத்தா என்பதுதான் கேள்வி. "எனக்கு நம்பிக்கையான ஆள்தான் வேணும்" என்று சுந்தரராமன் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தால், சாப்பாட்டு மேஜையில் மனைவி நிருபமா. அவள் கையிலும் செல்போன்.

"பாலா, 'ஈரத் துண்டு' நாம சேர்ந்து பாக்கறதா இருந்த படம்தானே?"

"எது நிரு?"

"நடிக்காத. ஓடிடில வரட்டும்னு ஆகஸ்ட்லேர்ந்து காத்துட்டிருக்கேன். கதை தெரிஞ்சிடக்கூடாதுன்னு டிரெய்லர்கூடப் பாக்கல. நீ பாத்து முடிச்சு நாலாம் நம்பர் வேற குடுத்திருக்க."

கல்யாணமான புதிதில் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. ஒருவரை விட்டுவிட்டு ஒருவர் படம் பார்ப்பதில்லை. மற்ற விஷயங்களில் அப்படி இப்படி இருந்தாலும் இதில் நிருபமா கறார். போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவன் வரும்வரை ஒரு தொடரின் கடைசிப் பகுதியைத் தொடாமல் வைத்திருந்தவள்.

"ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க நிரு. டீம் அவுட்டிங். மேனேஜரே டிக்கெட் எடுத்துட்டாரு. நான் எப்படி வேணாங்கறது?"

"யாரு, உங்க மேனேஜரா? தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு சோன்பப்டி டப்பா குடுத்து, அதை வாங்கறதை போட்டோ புடிச்சுக்கிட்டாரே, அவரா?"

"மனுஷன் மாறிட்டாரு."

நிருபமா நம்பவில்லை. ஆனால் நம்பாமலும் இல்லை. அந்த நேரம் பார்த்து மேஜையின் மறுபக்கம் செய்தித்தாள் இறங்கியது. பின்னால் நாணு மாமா, நிருபமாவின் அப்பா. கர்நாடகப் பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டயரானவர். உயர் ரத்த அழுத்தம் என்று மகள் உப்பைக் குறைத்ததில் இருந்து உலகத்தின் மேலேயே அவருக்குக் கோபம்.

"நானும் படிச்சேன் மாப்பிள்ளை. ரெண்டாவது புஸ்தகம் தண்டம். ஏழாவது பாட்டு, அது பாட்டே இல்லே, மிக்ஸி ஓடற சத்தம். அப்புறம் அந்தப் பின்வரிசை சமாசாரம் எதுக்கு? சிரிப்பு வந்தா மனுஷன் சிரிப்பான். அதுக்குப் போய் ஜென்மம் கின்மம்னு எழுதுவாளா?"

"அப்பா, சும்னிரு. பேசாம உப்புமாவைச் சாப்பிடு" என்றாள் நிருபமா.

"இதுவா உப்புமா? உப்பும் இல்லே, மாவும் இல்லே" என்று முனகியபடி நாணு மாமா மறுபடியும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

ஆபீஸ் கேப் மேம்பாலத்தில் ஏறியதும் பாலகுமார் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தான். "புதன்கிழமை" என்பதை "ஞாயிற்றுக்கிழமை" ஆக்கினான். அப்பாடா என்று மூச்சு விட்ட மறுநிமிஷம் அஷ்வத், காலையில் இருந்த பக்கத்தைப் படமெடுத்துக் கீழே ஒட்டியிருந்தான். "பாஸ், புதன்கிழமை எப்போ ஞாயித்துக்கிழமை ஆச்சு?" கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று.

சரி, சனியன் ஒழியட்டும் என்று 'ஈரத் துண்டு' முழுவதையும் தூக்கினான். உடனே ஆம்பூர் சித்தப்பா, "பத்துன்னு போட்டுட்டு ஒன்பதுதான்டா இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே உனக்குக் கணக்கு வராது" என்று எழுதினார். அவசரத்தில், எங்கோ போஸ்டர் பார்த்த ஞாபகத்தில், 'கோணிப்பை' என்று ஒரு படத்தை நாலாவது இடத்தில் போட்டு, "இறுதிக் காட்சியில் என்னை மறந்து அழுதேன்" என்று சேர்த்தான்.

"அது பொங்கலுக்குத்தானே ரிலீஸ்?" என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கேட்டாள். அதற்கு நூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். ஆறு வருஷத்தில் அவன் பட்டியலுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை.

பதினொரு மணிக்குச் சுந்தரராமன் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு எழுந்து வந்து கதவையும் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம்.

"அந்த நாலாவது படத்தை ஏன் எடுத்துட்டீங்க பாலா?"

"இடம் பத்தல சார்."

"முகநூல்லயா?" என்றவர் குரலைத் தணித்தார். "பின்வரிசைல ரெண்டு பேர்னு எழுதியிருந்தீங்களே. மூஞ்சியைப் பாத்தீங்களா?"

போலீஸ்காரர்கள் இப்படித்தான் வளைத்துப் பிடிப்பார்கள். பார்த்தேன் என்றாலும் போச்சு, பார்க்கவில்லை என்றாலும் தியேட்டருக்குப் போனது உறுதியாகிவிடும்.

"சார், நான் போகவே இல்ல சார். என் மாமனார்தான் அந்தப் படத்துக்குப் போனாரு. வந்து கதை கதையா சொன்னாரு. அதை நான் பாத்த மாதிரி எழுதிட்டேன். கொஞ்சம் எஃபெக்டா இருக்கட்டும்னு."

சுந்தரராமன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"ஆஞ்சியோ ஆன அன்னிக்கா?"

கெட்டது குடி. இதை யோசிக்காமல் வாயை விட்டுவிட்டான்.

"ஆஞ்சியோ... காலையிலயே முடிஞ்சிடுச்சு சார். இப்பல்லாம் சட்டுனு அனுப்பிடறாங்க. மனசை லேசா வச்சுக்கங்கன்னு டாக்டர் சொன்னாராம். அப்படியே வர்ற வழில..."

இதைக் கேட்டால் பச்சைக் குழந்தைகூடச் சிரிக்கும். சுந்தரராமன் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்போ பின்வரிசைல இருந்தவங்களை உங்க மாமனார் பாத்திருக்காரு."

"பாத்திருப்பாரு சார்."

"நல்லா ஞாபகம் வச்சிருப்பாரா?"

"அவருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி சார்" என்றான் பாலகுமார். மாமனாரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்வோமே என்ற எண்ணம்தான்.

சுந்தரராமன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். வயசானவருக்கு ஹார்ட்ல பிரச்சினை. இத்தனை மாசமா நான் வந்து ஒரு வார்த்தை விசாரிக்கல, பெரிய தப்பு. லீட் விஷயத்தையும் அன்னிக்கே பேசி முடிச்சுடலாம்."

நம்மூர் வழக்கத்தில் இது ஒன்றைத் தடுக்கவே முடியாது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்ட மனிதரை வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அன்று மாலை நாணு மாமாவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பாலகுமார் எல்லாவற்றையும் கொட்டினான். மாமா கேட்கக் கேட்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"லீவு போட்டுட்டு சினிமாவா? சீச்சீ! என் சர்வீஸ்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொய் சொல்லி லீவு போட்டிருப்பேனா? கேட்டுப் பாரும், விதான சௌதால கேட்டுப் பாரும்."

"மாமா, காப்பாத்துங்க. ஒரு அரை மணி நேரம் படுத்துக் கிடந்தா போதும். இந்த லீட் போஸ்ட் போச்சுன்னா இன்னும் மூணு வருஷம் ராத்திரி ஷிஃப்ட்தான். நிருகூட ஒரு படம் பாக்க எனக்கு நேரமே கிடைக்காது."

நாணு மாமா யோசித்தார். யோசிப்பது போல் நடித்தார் என்று சொல்வதுதான் சரி. "வெண்ணெய் மசால் தோசை. ரெண்டு. உப்புப் போட்டது. நிருவுக்குத் தெரியப்படாது."

"வாங்கித் தரேன்."

"ஞாயித்துக்கிழமைன்னா சரி. புதன்கிழமை மட்டும் கூப்பிடாதேயும். ஸ்ரீராம்புரத்துல நாராயணசாமிக்கு முட்டி வலி. அவனைப் பாக்கப் போயாகணும்."

பழைய சகா நாராயணசாமியின் முட்டிக்காக மாமா புதன்கிழமை தவறாமல் மெட்ரோ ஏறிவிடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகமா என்று நிருபமாவே பல தடவை உருகியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுகோடியில் இருக்கும் சிநேகிதி அம்ருதாவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்று பாலகுமார் நாலு தடவை சொல்லி, ஆட்டோவும் வரவழைத்து, நிருபமாவை அனுப்பிவைத்தான். அனுப்பிய கையோடு ஹாலில் திவானைப் போட்டு, மாமாவைப் படுக்கவைத்து, கழுத்துவரை கம்பளியைப் போர்த்தி, நெற்றியில் தைலத்தை அப்பினான்.

"ஆஞ்சியோவுக்கு எதுக்குடாப்பா தைலம்? கண்ணு எரியறது."

"வாசனை வந்தாதான் நோயாளி இருக்கிற வீடு மாதிரி இருக்கும் மாமா. முனகுங்க."

"இப்பவேவா?"

வாசல் மணி அடித்தது. டிரைவர் வெங்கியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய ஆப்பிளோடு சுந்தரராமன் தனியாக மேலே வந்திருந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவனை. செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, திவானைப் பார்த்தார்.

ஆப்பிள் பை கையிலிருந்து நழுவியது. பழங்கள் நாலா பக்கமும் உருண்டு சோபாவுக்கு அடியில் போயின. அதே விநாடி திவானில் கம்பளி சர்ரென்று மேலேறி நாணு மாமாவின் தலையை மூடிக்கொண்டது.

"வெளிச்சம் ஆகாது சார் அவருக்கு" என்றான் பாலகுமார், குனிந்து ஆப்பிள் பொறுக்கியபடி.

"பரவால்ல, பரவால்ல" என்று தடுமாறினார் சுந்தரராமன். "அவர் பேச வேண்டாம். ஹார்ட் பேஷண்ட் பேசவே கூடாது. எதையும் ஞாபகப்படுத்திக்கவும் கூடாது."

"பேசவே மாட்டேன்" என்றது கம்பளி.

"அப்போ நான் கிளம்பறேன் பாலா."

"அய்யோ சார், இப்பதானே வந்தீங்க! ஒரு காபியாவது சாப்பிட்டுட்டு. லீட் விஷயம்..."

"லீட் உங்களுக்குத்தான். போதுமா? வழி விடுங்க."

பாலகுமாருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மூன்று வருஷத்து நாற்காலி! சந்தோஷத்தில் ஆப்பிளும் கையுமாக அப்படியே நின்றான். அந்த நேரத்தில் கதவு திறந்தது. நிருபமா.

"அம்ருதா ஊர்லயே இல்லையாம், நீ என்னமோ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். ஹாலில் அந்நிய மனிதர். தரையெல்லாம் பழம். திவானில் அப்பா, தலைமுதல் கால்வரை மூடிக்கிடக்கிறார்.

"அப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய்க் கம்பளியை உருவினாள்.

"ஒண்ணுமில்லேம்மா, உசிரோடதான் இருக்கேன்" என்றார் நாணு மாமா, தைலக் கண்ணீரோடு.

"ஆஞ்சியோ ஆனவரு, கொஞ்சம் மெதுவா..." என்றார் சுந்தரராமன்.

"யாருக்கு ஆஞ்சியோ? எங்கப்பாவுக்கு பிபி மட்டும்தான்! நீங்க யாரு?"

"நான் பாலாவோட மேனேஜர்."

நிருபமா ஒரு மூச்சு விட்டு நிதானத்துக்கு வந்தாள். "ஓ, நீங்கதானா? ஆகஸ்ட்ல டீமை எல்லாம் 'ஈரத் துண்டு'க்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

"நானா? நான் அந்தத் தியேட்டர் பக்கமே போனதில்லையே! யாரு சொன்னது?" சுந்தரராமன் பதறிய பதற்றத்தில் மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது.

எல்லோரும் பாலகுமாரைப் பார்த்தார்கள். இனிமேல் சொல்வதற்கு அவனிடம் பொய்யே இல்லை. கையிருப்பு தீர்ந்துவிட்டது.

"நான்தான் சார். மாமாவுக்கு ஆஞ்சியோன்னு பொய் சொல்லி லீவு போட்டேன். அந்தப் படத்துக்குத் தனியாப் போனேன். நிருகிட்டயும் பொய் சொன்னேன். எல்லாமே நான்தான்."

நிருபமாவின் கண் நிறைந்துவிட்டது.

"நீ என்னை விட்டுட்டுப் படம் பாத்ததைக்கூட விடு பாலா. எங்கப்பாவுக்கு ஹார்ட்ல பிரச்சினைன்னு எழுதினியே, எப்படிடா கை வந்துச்சு உனக்கு?"

அவனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்த ஆப்பிளைப் பார்த்தபடி நின்றான்.

ஆனால் சுந்தரராமனின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. கண்ணாடியைச் சரிசெய்து, சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்தார். ஆபீஸில் கதவைச் சாத்தும் சுந்தரராமன் திரும்ப வந்துவிட்டார்.

"ரொம்ப ஏமாற்றமா இருக்கு பாலா. வேலை நேரத்துல சினிமா! ஒரு லீடுக்கு முதல்ல வேண்டியது நேர்மை. இப்போ சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். அஷ்வத்தைத்தான் போடணும்."

நாணு மாமாவும் கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "சார் சொல்றது நூத்துக்கு நூறு வாஸ்தவம். வீட்டுல ஒண்ணு சொல்லிட்டு வெளியில ஒண்ணு பண்றது ஒரு பொழப்பா மாப்பிள்ளை? நிரு, நீ அழாதேம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்."

"பெரியவர் சரியாச் சொன்னீங்க" என்றார் சுந்தரராமன்.

"நீங்களும்தான் சார்" என்றார் நாணு மாமா. இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமல், ஆனால் மிகுந்த மரியாதையோடு, தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

சாத்தாமல் விட்டிருந்த கதவை யாரோ தட்டினார்கள். டிரைவர் வெங்கி. கையில் ஒரு கவர்.

"சார், திராட்சையை வண்டிலயே விட்டுட்டு வந்துட்டீங்க" என்று நீட்டியவன், திவானில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்:

"அட, நம்ம பாப்கார்ன் பெரியவரு! நல்லதாப் போச்சு சார், இனிமே புதன்கிழமை படத்துக்கு இவருக்காக மெட்ரோ ஸ்டேஷன்ல காத்துக் கிடக்க வேணாம், இந்த வீட்டு வாசல்லயே ஏத்திக்கலாம்!"